நாலு என்று சொன்னவர்

என் வீட்டுக்காரரைக் கடையில் எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே 'பூனை அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் பூனை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் யாருமே அதிர்ந்து நடக்கமாட்டார்கள். ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று நடக்க முடியுமா? இவர் கையில் ஒன்றுமே இல்லாதபோதும் அப்படித்தான் நடப்பார். அடுப்படியில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார், எனக்கு நெஞ்சு பகீரென்னும். "ஒரு செருமல் செருமிட்டு வந்தா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு வாய் நீளம். ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூச்சல் போடும்போது அதற்கு மேலே என் குரல் கேட்டாக வேண்டும். "அக்கா இருக்கிற வரைக்கும் இந்த வண்டிக்கு ஹார்ன் எதுக்கு?" என்று டிரைவர் கிண்டல் செய்வார். எங்கள் வீட்டில் பேசுவதெல்லாம் நான்தான். இவருக்கும் சேர்த்து நானே பேசி, இவர் சொல்லவேண்டிய பதிலையும் நானே சொல்லி, அதற்கும் நானே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உடம்புக்கு என்ன வந்தாலும் அந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை பல் சீழ்பிடித்துக் கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. "என்னங்க இது?" என்றால் "லேசாதான்" என்கிறார். பல்லைப் பிடுங்கின டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், இவ்வளவு நாள் எப்படி விட்டு வைத்தீர்கள் என்று. நான் எதைக் கண்டேன்? இன்னொரு தடவை குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறி, அதோடு நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தார். கூடத்துத் தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. "கல்லுளிமங்கன்! வாய்விட்டு ஆன்னு ஒரு தடவை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று ஊசியால் சில்லை நெம்பிக்கொண்டே கத்தினேன். காலை இம்மி அசைக்கவில்லை அவர்.

அது அந்தத் தொழிலின் பழக்கமும்கூட. கண்ணாடி வேலைக்குச் சேருகிற ஆளுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதானாம்: எது நடந்தாலும் கையை வெடுக்கென்று இழுக்காதே. கண்ணாடியின் விளிம்பு சும்மா அழுத்தினால் வெட்டாது, இழுத்தால்தான் வெட்டும். பதறி இழுத்தவன் கையைத்தான் அது கிழிக்கும். பதறாமல் நின்றவன் ஒரு கீறலோடு தப்பித்துவிடுவான். இவருக்கு அது எலும்புக்குள்ளேயே போய்விட்டது. வீட்டில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தால்கூட ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டுத்தான் கையை எடுப்பார்.

அவர் கையைப் பாழாக்கின விபத்தும் அந்தப் பழக்கத்தால்தான் நடந்தது என்று நான் நினைக்கிறேன். முடிதிருத்தும் கடை ஒன்றுக்குச் சுவரளவு நிலைக்கண்ணாடி கொண்டு போயிருந்தார்கள். ஒரு முனையில் இவர், மறுமுனையில் தடியன். அவன் பெயரைச் சொல்லக்கூட எனக்குப் பிடிக்காது, கடையில் வைத்த பட்டப்பெயரே போதும். வண்டியிலிருந்து இறக்கும்போது தடியனுக்குக் கால் வழுக்கியது. அவன் கையை உதறிவிட்டுக் குதித்து ஓடிவிட்டான். இவர் விடவில்லை. உடைந்த கண்ணாடி முழுக்க இவருடைய வலது கைமேல் சரிந்து, முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரைக்கும் உட்பக்கத்தைக் கிழித்துவிட்டது. அப்போதும் மிச்சத் துண்டை மெதுவாகத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தாராம். தடியனுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் நன்றாக இருக்கட்டும், என் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அறுந்த நரம்பைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். காயம் ஆறியது, தையல் பிரித்தார்கள், விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தன. நானும் கண்டம் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். எல்லாம் ஆறின பிறகுதான் அந்த வலி வந்தது.

அந்த வலியை எப்படிச் சொல்வது? அவர்தான் சொல்லமாட்டாரே, நானாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அழுத்தமாகப் பிடித்தால் அவருக்கு வலிக்காது. மெல்லத் தொட்டால்தான் வலிக்கும். அதுதான் அதில் கொடுமை. மேஜை விளிம்பில் கையை இறுக்கி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது தாங்கும். சட்டைக்கை லேசாக உரசினால் தாங்காது. மின்விசிறிக் காற்று பட்டால் தாங்காது. எங்கள் படுக்கையறையில் விசிறி நின்றுபோனது அப்போதுதான். புழுக்கத்தில் வெந்து கிடப்போம். குளிக்கும்போது வலது கையை வாளிக்கு வெளியே தள்ளி நீட்டி வைத்துக்கொள்வார், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் நெருப்புத் துண்டு விழுந்தது போல முகம் சுருங்கிப்போகும். சட்டைகளுக்கெல்லாம் வலது கையைத் தோளோடு வெட்டித் தைத்துக் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, வெறும் பலகைமேல் கையை வைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பார். போர்வையில்லை, புரளுவதில்லை. தூங்கினாரா என்று கேட்டால் "ம்" என்பார். காலையில் அவர் கண்ணைப் பார்த்தால் தெரியாதா எனக்கு?

எங்கள் மகள் ஒருநாள் பேசிக்கொண்டே மறந்துபோய் அப்பாவின் வலது கையை மெல்லப் பிடித்துவிட்டாள். சின்னப்பிள்ளையிலிருந்து அவளுக்கு அது பழக்கம், ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வாள். கல்லூரியில் ஏதோ பரிசு வாங்கியிருந்தாள். இவர் கையை இழுக்கவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டது. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, "நல்லதும்மா" என்று எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அவர் பக்கத்தில் உட்காரும்போது இரண்டு கையையும் மடியில் பொத்தி வைத்துக்கொள்வாள்.

கொடுத்த மாத்திரைகளையெல்லாம் விழுங்கினார். ஒன்றில் தூக்கம், ஒன்றில் தலைசுற்றல், ஒன்றில் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. வலி மட்டும் போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணாடி வெட்டப் போனால் கோடு கோணலாகப் போகும். முதலாளி நல்லவர்தான், இவரைக் கண்ணாடிப் பக்கம் விடாமல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வருகிறவர்களிடம் அளவு கேட்டு உள்ளே சொல்கிற வேலை. பேசவே பேசாத மனிதருக்குப் பேசுகிற வேலை!

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்னவர், முகத்தில் நல்ல களை. இவர் கையைத் தொடாமலே பார்த்தார். அதிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. புதிதாக ஒரு மருந்தைப் பரிசோதனை செய்கிறோம், இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். என்ன மருந்து என்று நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன்.

"கஞ்சா கேள்விப்பட்டிருப்பீங்க இல்லையா?" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ! இவர் பீடி சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை டாக்டர்!"

"கொஞ்சம் பொறுங்கம்மா, முழுசாச் சொல்றேன். கஞ்சாவுல இருக்கிற பொருள் மாதிரியே ஒண்ணை நம்ம உடம்பே தயாரிக்குது. வலி கட்டுக்கு மீறிப் போகாம அடக்கி வைக்கிறதுக்கு. அது வந்து உட்கார ஒரு இடம் வேணும் இல்லையா, அதுக்குப் பேருதான் ரிசப்டர். பூட்டுல சாவி போற துவாரம்னு வச்சுக்கங்களேன்."

"அப்போ இவர் உடம்புக்குள்ள இத்தனை நாளா கஞ்சா தயாராகிட்டா இருந்துச்சு?"

"எல்லார் உடம்புலயும்தான். உங்க உடம்புலயும்."

"அதான் இவ்வளவு பேச்சு" என்றார் இவர். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கை இப்படி ஆன பிறகு அவர் ஒரு கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா மேலே சொன்னார். அந்த ரிசப்டரில் இரண்டு வகையாம். முதல் வகை மூளையிலும் நரம்பிலும் நிறைய இருக்கிறது, கஞ்சா பிடித்தவனுக்குத் தலை கிறங்குவதெல்லாம் அதனால்தான். இரண்டாவது வகை, காயத்தையும் கிருமியையும் கவனிக்கிற அணுக்களில் இருக்கிறது. சாதாரண நாளில் நரம்புப் பக்கம் அது அபூர்வம். நரம்பு அடிபட்டுவிட்டால் மட்டும் அடிபட்ட இடத்திலும் தண்டுவடத்திலும் அது அதிகமாகிறதாம். "உடம்பு தன்னோட வலியைத் தானே அணைக்கிறதுக்கு அங்க கதவைத் திறந்து வச்சுக் காத்திருக்கு. உள்ள வர்ற ஆள்தான் பத்தலை. இந்த மருந்து அந்த ரெண்டாவது வகைக்கு மட்டும் போற ஆள். மூளைப் பக்கம் வேலை செய்யாது, போதை வராது. எலிங்ககிட்ட நல்லா வேலை செய்யுது. மனுஷங்ககிட்ட செய்யுமான்னுதான் பார்க்கிறோம்."

வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனாருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. இவருடைய அக்கா. மூச்சிரைக்க வந்து நின்றார். "ஒரு கெட்ட பழக்கம் தெரியாத என் தம்பிக்குக் கஞ்சா குடுக்கப் போறியாமே?"

"கஞ்சா இல்லை அண்ணி, அதோட சாயல்ல ஒரு மாத்திரை. இது கையிலதான் வேலை செய்யும், தலைக்கு ஏறாது."

"ஏறினா?"

"ஏறினா ரெண்டு வார்த்தை கூடப் பேசுவாரு. நல்லதுதானே?" என்றேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "எதையாவது குடுத்து அவனைத் தூங்க வைம்மா, பார்க்கச் சகிக்கலை" என்று அழுதார்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் வரச்சொல்லி வலியை அளந்தார்கள். அன்றைக்கு எனக்கு வேனில் மாற்று ஆள் கிடைக்கவில்லை, இவர் தனியாகப் போய் வந்தார். என்ன கேட்டார்கள் என்றேன். வலி எவ்வளவு என்று கேட்டார்கள் என்றார். என்ன சொன்னீர்கள் என்றேன். சொன்னேன் என்றார். அதற்கு மேல் அவர் வாயைக் கிளறுவதற்கு எனக்குத் தெம்பில்லை. சேர்த்துக்கொண்டார்கள் என்பதே போதுமென்று இருந்தது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஆளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீருக்குக் கீழே வலது கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் பதறிப்போய் ஓடினேன். அவர் திரும்பி, "வெறும் தண்ணியாத்தான் இருக்கு" என்றார். மறுபடியும் சொன்னார், "பாரேன், வெறும் தண்ணியாத்தான் இருக்கு." நான் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தண்ணீர் வீணாகப் போகிறது என்று குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் மருந்து இருந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. வேறு எப்படிச் சொல்ல? விசிறி ஓடியது. முக்காலி கூடத்துக்குப் போனது. முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கி வந்தேன். பொத்தானை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். முதலாளி ஒரு சின்னச் சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டச் சொன்னாராம், கோடு நேராகப் போனதாம். மகள் பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டாள், அப்புறம் இரண்டு விரல், அப்புறம் கையையே பிடித்துக்கொண்டு அன்றைக்கெல்லாம் விடவில்லை. வலி சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்கு, ஓரமா இருக்கு. ஆனா தூங்க விடுது" என்றார். இவ்வளவு நீளமாக அவர் சொன்னதே பெரிய விஷயம்.

முதல் கட்டம் முடிந்து முடிவு சொல்கிற நாளன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு மருந்து உண்டு. அதற்குள் கடைக்கு வந்தாலும் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் அன்றோடு சரி. எடுத்துக்கொள்ளாமல் எப்படி? மருந்து வேலை செய்கிறதே! எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வராந்தாவில் இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். லாரியில் சரக்கு ஏற்றுகிறவராம். வண்டி பின்னால் வந்து ஏறியதில் வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "அண்ணே, கை எப்படி?" என்றார். என்னிடம், "இல்லாத காலு எனக்கு வலிக்குது தங்கச்சி. கட்டை விரலை யாரோ இடுக்கியால முறுக்குற மாதிரி. விரலே இல்லை, எங்க போய்த் தேய்க்கிறது? இந்த மருந்து வந்துதான் பிழைச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது. முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கட்டையைத் தூக்கி ஆட்டிக் காண்பித்தார், அவருக்குக் கிடைத்துவிட்டது. அடுத்து நாங்கள்.

டாக்டரம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த கட்டத்துக்கு இவரை எடுக்க முடியலைம்மா. மன்னிச்சுடுங்க. வலி பாதிக்குப் பாதியாவது குறைஞ்சிருக்கணும்னு விதி. இவருக்கு அந்த அளவுக்குக் குறையலை."

"குறையலையா? யாரு சொன்னது? சட்டை போடுறாரு, குளிக்கிறாரு, தூங்குறாரு!"

"முதல்ல வந்தப்போ பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டோம். பூஜ்யம்னா வலியே இல்லை, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. நாலுன்னு சொன்னாரு. நாலுதான் சேர்க்கிறதுக்கே கடைசி அளவு, அதுக்குக் கீழ சொல்லியிருந்தா சேர்த்திருக்கவே மாட்டோம். இப்போ மூணுன்னு சொல்றாரு. நாலுல இருந்து மூணு."

"நாலா!" நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "நாலா? என்னங்க, நாலுன்னா சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அது நாலு இல்லை. அது ஒன்பது, அது பத்து, அது என்ன எண்ணோ எனக்குத் தெரியாது. இந்த மனுஷன் வலியில வாந்தி எடுத்ததை நான் கேட்டிருக்கேன். பொண்ணு தொட்டதுக்கு! நீங்க அதைத் திருத்தி எழுதிக்கங்க."

"அன்னைக்கே மெல்லிசுல இருந்து ஒவ்வொண்ணா நைலான் முடியால கையைத் தொட்டும் பார்த்தோம்மா. சாதாரணமா இந்த மாதிரி நரம்பு அடிபட்டவங்க முதல் முடியிலேயே கையை வெடுக்குன்னு இழுத்துடுவாங்க. இவரு இழுக்கவே இல்லை. அதனால அவர் சொன்ன நாலு சரின்னுதான் நாங்களும் எடுத்துக்கிட்டோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டேன். "அவரு கண்ணாடி வெட்டுறவரு டாக்டர்! கையை அறுத்தாலும் இழுக்கமாட்டாரு. அது அவங்க தொழில்!"

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கையை விரித்தார். முதலில் சொன்ன எண்ணை அப்புறம் மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாதாம். முடிவு தெரிந்த பிறகு ஆளாளுக்கு மாற்ற ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரியும் என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எல்லோரையும் திட்டினேன், மருந்தைக் கண்டுபிடித்தவனிலிருந்து எலி வரைக்கும். கடைசியில் நர்ஸ் வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

வராந்தாவில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். இப்போது கத்தவில்லை நான், கத்துகிற கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தேன். "ஏங்க நாலுன்னு சொன்னீங்க?"

"முதல்ல அளந்த அன்னைக்கு அந்த லாரிக்காரரையும் என்னையும் ஒரே ரூம்லதான் உட்கார வச்சாங்க" என்றார். "அவருகிட்டதான் முதல்ல கேட்டாங்க. ஏழுன்னாரு. காலே இல்லை அவருக்கு. பக்கத்துல நான் ரெண்டு காலு ரெண்டு கையோட உட்கார்ந்துக்கிட்டு, அவருக்கு மேல ஒரு எண்ணை எப்படிச் சொல்றது? அசிங்கமா இருக்காது?"

"அதுக்காக?"

"அதான் நாலுன்னேன்."

"சரி, இப்போவாவது ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"ஓரமா இருக்கே இன்னும். இல்லாததை எப்படிச் சொல்றது?"

கட்டைக்காரர் மருந்துப் பையோடு எங்களைத் தாண்டிப் போனார். "உங்களுக்கும் கிடைச்சிடுச்சுல்ல அண்ணே?" என்று கேட்டார். இவர் ஆமென்று தலையை ஆட்டி, "பார்த்துப் போங்க, தரை ஈரமா இருக்கு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இவர்மேல்கூட இல்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கையிலிருந்த மாத்திரை தீர்ந்த பிறகு சில நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை உடம்பே கற்றுக்கொண்டுவிட்டதோ என்று நான் அசட்டு ஆசைகூடப் பட்டேன். அப்புறம் ஒருநாள் சாப்பிட உட்காரும்போது அவர் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். மகள் தட்டோடு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது அந்த வலி. முன்பாவது பழகிப்போன வலி. இப்போது அது இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டதே, அதனால் இன்னும் பொல்லாததாக இருந்தது. முழுக்கைச் சட்டையை நான் மடித்துப் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். அதன் கையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

மருந்து நிறுத்தியதால் கெடுதல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியாக ஒரு தடவை வரச்சொல்லியிருந்தார்கள். நான் போகவேண்டாம் என்றேன். வரச்சொன்னார்களே, போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றார். கூடப் போனேன். இந்தத் தடவை அறையில் வேறு யாரும் இல்லை, நாங்களும் டாக்டரம்மாவும் நர்ஸும் மட்டும்தான்.

நர்ஸ் வழக்கமாகக் கேட்கிற குரலில் கேட்டாள். "வலி பத்துக்கு எவ்வளவுங்க?"

"பத்து" என்றார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "பத்தா?"

"பத்துதான் சிஸ்டர். முன்னாடியும் பத்துதான்."

இத்தனை வருடமாக வாயைத் திறந்து சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று உயிரை வாங்கியவள் நான். சொல்லிவிட்டார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. டாக்டரம்மா எழுந்து வந்து அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு மாத்திரை சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், இந்த மருந்து என்றைக்காவது கடைக்கு வந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன் என்றெல்லாம் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மிகவும் மரியாதையாக, யாரிடமோ வழி கேட்பது போல, "டாக்டரம்மா, இந்தக் கையை எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.

"கையை எடுத்தாலும் இந்த வலி போகாதுங்க" என்றார் டாக்டரம்மா.

"தெரியும்மா" என்றார் இவர். "சும்மா கேட்டேன்."

எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்தார். நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிடித்த கையை விட்டுவிட்டு, அவருக்கு வலது பக்கமாக நடந்து, காற்றை மறைத்தபடி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.